கூடத்தில் தண்டால், சாலையில் மாரத்தான்

வீட்டுக்குள் திட்டம் போட்டுச் செய்யும் கடும் உடற்பயிற்சியும் மாரத்தான் ஓட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவெடுத்தவை. பிரெஞ்சு மொழியறிஞர் மிஷேல் பிரேயாலின் யோசனைப்படி 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் சேர்க்கப்பட்டது. எட்டு ஆண்டு கழித்து, 1904இல், டென்மார்க்கைச் சேர்ந்த ஜே.பி. மியூல்லர் ‘என் முறை’ என்ற சிறு நூலை வெளியிட்டார். நாளுக்கு 15 நிமிடம், படுக்கையறையிலேயே, கருவி எதுவும் இல்லாமல் செய்யும் பயிற்சிகள் அதில் இருந்தன. இவை இரண்டையும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் செய்யலாம் என்ற எண்ணம் பரவலாக, அதன்பின் நூறு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் இரண்டும் பலமுறை நெருங்கி வந்து விலகிப் போயின. வீட்டுப் பயிற்சி நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லி வளர்ந்தது. மாரத்தான் மணிக்கணக்கில் நேரத்தைக் கேட்டது. இந்த இழுபறிதான் இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

முதல் மாரத்தானுக்கு இன்று நாம் சொல்லும் பொருளில் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. கிரேக்கர்கள் தேர்வு ஓட்டங்கள் வைத்து ஆட்களைப் பொறுக்கினார்கள். தண்ணீர் சுமந்து பிழைத்த ஸ்பிரிடன் லூயிஸ் இரண்டாம் தேர்வு ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தவர்; ஒலிம்பிக்கில் சுமார் 40 கி.மீ. தூரத்தை 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஓடி வென்றார். வெளிநாட்டிலிருந்து வந்து ஓடிய நால்வரின் கதை இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃபிளாக், அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், பிரான்ஸின் அல்பான் லெர்முசியோ ஆகிய மூவரும் அதே ஒலிம்பிக்கின் 1500 மீட்டரில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள். மூவருமே மாரத்தானை முடிக்காமல் வழியிலேயே விலகிவிட்டார்கள். ஹங்கேரியின் ஜியூலா கெல்னர் மட்டும் அரங்கம் வரை வந்து சேர்ந்தார். ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே 40 கி.மீ. தூரத்தை ஒருமுறை ஓடிப் பார்த்திருந்தவர் அவர். வேகம் இருந்தால் தூரம் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு முதல் மாரத்தானே பதில் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த நம்பிக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப் பெயரில் திரும்பி வந்தது.

அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் 1897இல் தொடங்கியது. அதை ஏழு முறை வென்ற கிளாரன்ஸ் டிமார் அச்சகத்தில் வேலை பார்த்தவர். வேலைக்குப் போவதும் வருவதும் அவருக்கு ஓட்டம்தான். தனியாகப் பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. 1911இல் முதல்முறை வென்றார். இதயத்தில் கோளாறு என்று மருத்துவர் எச்சரித்ததும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகள் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். திரும்பி வந்து 1922 முதல் 1930 வரை ஆறு முறை வென்றார். 1958இல், 70 வயதில் புற்றுநோயால் இறந்த பிறகு அவருடைய இதயத்தை ஆராய்ந்தார்கள். இதயத் தமனிகள் சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு பருமனாக இருந்தன. நீண்ட தூரம் ஓடினால் இதயம் கெடும் என்ற அக்காலத்து அச்சம் தளர இது ஒரு காரணம்.

ஓட்டக்காரர்கள் இப்படித் தெருவிலேயே பழகிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் வேறொரு மரபு வேரூன்றிவந்தது. அதற்குப் பல ஊற்றுகள். ஸ்வீடனில் பெர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சிக் கழகம் கருவியில்லாத ஒழுங்குமுறைப் பயிற்சியை ராணுவத்துக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுசென்றது. இந்தியாவிலிருந்தும் ஒரு பங்கு உண்டு. இங்கே பயில்வான்களும் சிப்பாய்களும் சுழற்றிய கர்லாக்கட்டையைப் பார்த்த ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். 1834இல் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் கர்லாக்கட்டைப் பயிற்சி இடம்பெற்றது. அதன்பின் லண்டனிலும் நியூயார்க்கிலும் நடுத்தர வர்க்க வீடுகளில் அது அன்றாடப் பொருளாகி, 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே நடந்தது. நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் கர்லாக்கட்டையோடு சேர்த்துச் செய்யப்படும் தண்டாலுக்கும் பஸ்கிக்கும் அந்த வரவேற்புக் கிடைக்கவில்லை. அவை பிறகு புஷ்அப், ஸ்குவாட் என்ற பெயர்களில் திரும்பி வந்தன என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது. மேலை நாடுகளுக்கும் அவற்றுக்கான சொந்த வடிவங்கள் இருந்தன.

வீட்டுப் பயிற்சியை விலைபோகும் சரக்காக மாற்றியவர் யூஜின் சாண்டோ. மேடையில் உடலைக் காட்டிப் புகழ்பெற்ற அவர் புத்தகமும் ஸ்பிரிங் வைத்த டம்பெல்லும் விற்றார். 1905 வாக்கில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். மியூல்லரின் நூல் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பிராகில் எழுத்தாளர் காஃப்கா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தவறாமல் செய்தது மியூல்லரின் முறையைத்தான். அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் தபாலில் பாடம் அனுப்பினார், பெங்களூரில் கே.வி. ஐயரும் அப்படியே செய்தார். இவர்கள் எல்லோருடைய விளம்பரத்திலும் இரண்டு வாக்குறுதிகள் தவறுவதில்லை: குறைந்த நேரம், கண்ணுக்குத் தெரியும் மாற்றம். ஓட்டத்துக்கு அதில் இடம் இல்லை. மாரத்தான் ஓடுகிறவரின் ஒல்லியான உடம்பை வைத்து யாரும் புத்தகம் விற்க முடியாது.

இரண்டும் முதலில் சந்தித்த இடம் ராணுவம். ஃபின்லாந்தின் பாவோ நூர்மி 1920களில் நடை, ஓட்டம், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் நேரம் குறித்துச் செய்தவர். அதில் ராணுவ வாழ்க்கையின் ஒழுங்கு தெரிந்தது. ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற அவருக்குத் தன் ஓட்ட வாழ்வை மாரத்தானோடு முடிக்க வேண்டும் என்று ஆசை. 1932இல் விபுரி நகரில் 40.2 கி.மீ. தூரத்தை 2 மணி 22 நிமிடம் சொச்சத்தில் ஓடிக் காட்டினார். பணம் வாங்கி ஓடினார் என்ற குற்றச்சாட்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு அவரை அனுமதிக்கவில்லை.

எத்தியோப்பியாவின் கதை இதைவிட நேரடியானது. ஸ்வீடிஷ் ராணுவத்தைச் சேர்ந்த ஒன்னி நிஸ்கானென் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எத்தியோப்பியா சென்று, பேரரசரின் காவல் படை வீரர்களுக்கு உடற்பயிற்சி கற்பித்தார். லிங்கின் மரபு அவர் வழியாக ஆப்பிரிக்க மேட்டுநிலத்துக்குப் போனது. அந்தப் படையில் இருந்த அபேபே பிகிலா 1960இல் ரோமில் வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை வென்றார். 1964இல் டோக்கியோவில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். முடித்த கையோடு அரங்கத்தின் புல்தரையில் மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தியும் நீட்டியும் உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார். இரண்டாவதாக வருகிறவர் அரங்கத்துக்குள் நுழையவே சில நிமிடங்கள் பிடித்தன. 42 கி.மீ. ஓடியவர் தரையில் செய்த அந்தப் பயிற்சியை உலகமே பார்த்தது. மாரத்தானும் தரைப் பயிற்சியும் ஒரே உடலில் சேர்ந்திருக்கும் புகழ்பெற்ற காட்சி அதுதான். ஆனால் பிகிலா செய்தது உடலைத் தளர்த்தும் இலேசான அசைவுகள் என்பதைப் பலரும் கவனிக்கவில்லை.

இந்தியாவிலும் நெடுந்தூர ஓட்டத்தை வளர்த்தது பெரும்பாலும் ராணுவமே. ராணுவ வீரர் சிவ்நாத் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவதாக வந்தார். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் தேசிய சாதனையாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் ஓடும் மாரத்தான் இங்கே வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியது.

வீட்டுக்குள்ளேயே கடும் பயிற்சி செய்த மாரத்தான் வீரர் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் எமில் சாட்டோபெக். செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரில் பாட்டா காலணித் தொழிற்சாலையில் 16 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். தொழிற்சாலை ஏற்பாடு செய்த ஓட்டப் பந்தயத்தில் மனமில்லாமல் கலந்துகொண்டார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து காட்டிலும் பனியிலும் பூட்ஸ் காலுடன் ஓடினார். 400 மீட்டர் வேக ஓட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது அவருடைய முறை; சில நாட்களில் அது நூறு தடவை வரை போனது. காவல் பணியில் நிற்கும்போது நின்ற இடத்திலேயே ஓடுவார் என்றும், குளியல் தொட்டியில் துணிகளை நனைத்துப் போட்டு அவற்றின்மேல் மணிக்கணக்கில் ஓடியே துவைப்பார் என்றும் கதைகள் உண்டு. ஒரே வேலையில் துவைப்பும் முடிந்தது, முழங்காலை உயர்த்தி ஓடும் பயிற்சியும் முடிந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், அதுவரை ஓடியே இராத மாரத்தான் என மூன்றையும் வென்றார்; மாரத்தானில் அவருடைய நேரம் 2 மணி 23 நிமிடம் 3 விநாடி. வேறு யாரும் இதுவரை அப்படி வென்றதில்லை.

அதே சாட்டோபெக்கிடம் இந்தக் கதையின் மறுபக்கமும் இருக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு முன் அவருக்குக் குடலிறக்கம் ஏற்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. கால் வலிமைக்காக ஈட்டி எறிதல் வீராங்கனையான தன் மனைவி டானாவைத் தோளில் சுமந்து பயிற்சி செய்ததால் வந்த வினை அது என்று சொல்வார்கள். மெல்போர்னில் ஆறாவதாகத்தான் வர முடிந்தது. பழைய போட்டியாளர் அலைன் மிமூன் வென்று, முடிவுக்கோட்டில் அவருக்காகக் காத்திருந்தார்.

சாட்டோபெக்கின் காலத்திலேயே எதிர்க் கட்சியும் உருவானது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்த ஆர்தர் லிடியார்ட் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து ஒரு முறையை வகுத்தார். வாரத்துக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ., நிதானமாக ஓட வேண்டும். ஞாயிறன்று வையாட்டருவா மலைகளைச் சுற்றி 22 மைல். 800 மீட்டர் ஓடுகிறவருக்கும் இதே அடித்தளம்தான். கால் வலிமைக்கு எடை தூக்குவதை அவர் ஏற்கவில்லை. அதற்குப் பதில் சில வாரம் மேட்டுச் சாலையில் தாவித் தாவி ஏறச் சொன்னார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரையும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரையும் வென்றார்கள். மாரத்தானில் பேரி மாகி வெண்கலம் பெற்றார். மூவரும் லிடியார்டின் சீடர்கள். இந்த வெற்றிகளுக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு ‘மாரத்தானுக்கு மாரத்தான்தான் மருந்து’ என்ற கருத்தை அசைக்க முடியவில்லை. இன்றைய 18 வாரத் திட்டங்களில் வரும் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் (நீண்ட ஓட்டம்) அவர் போட்ட பாதையில்தான் போகிறது.

வீட்டுப் பயிற்சியின் பக்கம் 1950களில் இரண்டு முக்கியமான மாற்றங்கள் நடந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்.இ. மார்கனும் ஜி.டி. ஆடம்சனும் 1953இல் ‘சர்க்யூட்’ பயிற்சியை வகுத்தார்கள். ஒவ்வொரு மாணவரும் தன்னால் முடிந்த அதிகபட்ச எண்ணிக்கையில் பாதியை மட்டும் செய்து, இடைவெளி விடாமல் அடுத்த பயிற்சிக்குப் போய், மூன்று சுற்று முடிக்க வேண்டும். தசைக்கும் மூச்சுக்கும் ஒரே நேரத்தில் வேலை என்ற எண்ணம் அங்கே பிறந்தது. இன்று யூடியூபில் பார்க்கும் வீட்டுப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள்.

இன்னொன்று கனடா விமானப் படைக்காக பில் ஓர்பன் உருவாக்கிய 5பிஎக்ஸ். உடற்பயிற்சிக் கூடம் இல்லாத தொலைதூரத் தளங்களில் இருந்த விமானிகளுக்கான ஏற்பாடு அது. குனிந்து தரையைத் தொடுதல், படுத்து எழுதல், கவிழ்ந்து படுத்து முதுகை உயர்த்துதல், தண்டால், நின்ற இடத்தில் ஓட்டம் என ஐந்தே பயிற்சி. மொத்தம் 11 நிமிடம். முதல் நான்குக்கும் சேர்த்து 5 நிமிடம்தான். மீதி 6 நிமிடமும் ஓட்டத்துக்கு. வெளியே ஓட வசதி உள்ளவர் அதற்குப் பதில் ஒரு மைல் ஓடலாம் என்ற மாற்று வழியும் கையேட்டிலேயே இருந்தது. வீட்டுப் பயிற்சித் திட்டமொன்று சாலை ஓட்டத்துக்குக் கதவைத் திறந்துவைத்தது அதுவே முதல்முறை என்று தைரியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன திட்டங்களில் அது முக்கியமானது. இதற்குச் சற்று முன்பே, ராயல் பர்ப்பி என்ற நியூயார்க் உடலியல் ஆய்வாளர் 1930களில் வகுத்த சோதனை அசைவை அமெரிக்க ராணுவம் போர்க்காலத்தில் எடுத்துக்கொண்டது. குந்தி, கைகளைத் தரையில் ஊன்றி, கால்களைப் பின்னால் உதைத்து, மீண்டும் எழும் அந்த அசைவு அவர் பெயராலேயே பிற்காலக் கடும் பயிற்சிகள் எல்லாவற்றிலும் இடம்பிடித்தது. அவர் அதைச் சில தடவை மட்டும் செய்து உடல்தகுதியை அளக்கும் சோதனையாகத்தான் நினைத்திருந்தார்.

1960களின் இறுதியில் ஓட்டம் பொதுமக்களிடம் இறங்கியது. அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்தில் லிடியார்டைச் சந்தித்துத் திரும்பி, 1967இல் ‘ஜாகிங்’ நூலை வெளியிட்டார். மறு ஆண்டு கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ வந்தது. 1970இல் நியூயார்க்கின் முதல் மாரத்தானில் 127 பேர் தொடங்கி 55 பேர் முடித்தார்கள். 1972இல் ஃபிராங்க் ஷார்ட்டர் மியூனிக்கில் வென்றபின் ஓட்டம் அமெரிக்காவில் பெரும் அலையாயிற்று. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி வீடியோ கேசட் வெளியானபோது வீட்டுப் பயிற்சியும் அதே அளவுக்குப் பெருகியது. ஆனால் இரண்டு கூட்டமும் தனித்தனியாகவே இருந்தன. ஓட்டக்காரர்கள் கேசட்டைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள். அதே காலத்தில் பெண்களின் மாரத்தானில்தான் வீட்டுக்குள் பயிற்சி செய்வது பலன் தருவதாக நிரூபணமானது என்பது சுவையான முரண். நார்வேயின் இங்கிரிட் கிறிஸ்டியான்சென் கடும் குளிர்காலத்தில் வீட்டிலிருந்த டிரெட்மில்லில் பயிற்சி செய்து, 1985இல் லண்டனில் 2 மணி 21 நிமிடம் 6 விநாடியில் உலக சாதனை படைத்தார். 1998 வரை அது நின்றது. அலாஸ்காவின் மருத்துவர் கிறிஸ்டின் கிளார்க் பயிற்சியின் பெரும்பகுதியை வீட்டு டிரெட்மில்லில் முடித்து 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானை வென்றார். இருவரும் வீட்டுக்குள் செய்தது ஓட்டம்தான் என்பதை மறக்கக் கூடாது.

கடும் வலிமைப் பயிற்சியையும் நீண்ட ஓட்டத்தையும் சேர்த்தால் உடலுக்குள் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை 1980இல் வந்தது. அதன் பின்னணியே ஒரு கதை. செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசியின் ஆய்வகம் 1967இல் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டிருந்தது: டிரெட்மில்லில் வாரக்கணக்கில் நீண்ட நேரம் ஓடவைத்த எலிகளின் தசையில், ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது. நெடுந்தூர ஓட்டம் ஏன் நேரத்தைக் கேட்கிறது என்பதற்கு உடலியல் விளக்கம் இதிலிருந்து தொடங்கியது. எடை தூக்கும் பழக்கம் உள்ள ராபர்ட் ஹிக்சன் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹாலோசியோடு தினமும் ஓடத் தொடங்கியதும் தன் தசை கரைவதைக் கவனித்தார். பிறகு சிகாகோவில் சொந்த ஆய்வகம் அமைந்தபோது இதையே ஆராய்ந்தார்.

ஹிக்சன் மூன்று குழுக்களைப் பத்து வாரம் பயிற்றுவித்தார். ஒரு குழு வாரம் ஐந்து நாள் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தது. இன்னொன்று வாரம் ஆறு நாள் ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு இரண்டையும் முழுதாகச் செய்தது. மூன்றாம் குழுவினரின் கால் வலிமை முதல் ஏழு வாரம் வரை நன்றாக ஏறியது. பிறகு தேங்கி, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வலிமை கடைசிவரை ஏறிக்கொண்டே போனது. அதேசமயம் மூச்சுத்திறனில் மூன்றாம் குழு ஓட்டக் குழுவுக்குச் சளைக்கவில்லை. கலவையில் நஷ்டப்படுவது வலிமை, ஓட்டம் அல்ல என்பதே இதன் சாரம். இதை மேலோட்டமாகப் படித்த பயிற்சியாளர்கள் பலர் ‘இரண்டையும் சேர்க்கக் கூடாது’ என்று முடிவு கட்டினார்கள். ஹிக்சனின் 1988 ஆய்வு அதற்கு நேர்மாறாக, ஏற்கெனவே நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் கால் வலிமைப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டபோது களைத்துப்போகும் நேரம் தள்ளிப்போனதைக் காட்டியது. சைக்கிளில் அது 71 நிமிடத்திலிருந்து 85 நிமிடமாக நீண்டது.

1999இல் ஃபின்லாந்தில் லீனா பாவோலைனெனும் கூட்டாளிகளும் தேர்ந்த ஓட்டக்காரர்களை வைத்து நடத்திய ஒன்பது வார ஆய்வு இந்தப் புதிருக்கு விடை தந்தது. பயிற்சி நேரத்தைக் கூட்டாமல், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைந்த எடையுடன் வேகமாகத் தாவுவது, குதிப்பது, குறுந்தூரம் பாய்வது என்று மாற்றினார்கள். மூச்சுத்திறன் உயரவில்லை, ஆனால் 5 கி.மீ. நேரம் குறைந்தது. ஒவ்வொரு அடியிலும் கால் தரையை விட்டு எழும்பச் செலவாகும் சக்தி குறைந்ததே காரணம். இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: குதிப்பு ஓட்டத்தின் மேல் கூடுதலாக ஏற்றப்படவில்லை, ஓட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கப்பட்டது. பின்னால் டிவிடி பார்த்து வீட்டில் பயிற்சி செய்த தலைமுறை மறந்துபோனது இதைத்தான்.

1996இல் ஜப்பானில் இசுமி தபாட்டா வெளியிட்ட ஆய்வு வேறு வகையில் வரலாற்றை மாற்றியது. ஐஸ் ஸ்கேட்டிங் வேகப் பந்தய வீரர்களின் பயிற்சியாளர் ஒருவர் பயன்படுத்திய முறை அது: 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு சுற்று. ஆறு வாரத்தில் மூச்சுத்திறன் வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் மிதமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறிய அளவுக்கும் மேலாகவே ஏறியது. காற்றில்லா ஆற்றல் 28 சதவீதம் கூடியது. ‘நான்கு நிமிடம் போதும்’ என்று உலகம் இதை எடுத்துக்கொண்டது. சோதனை நடந்தது நிலையான சைக்கிளில், உடற்கல்வி மாணவர்களிடம். வீட்டுக் கூடத்தில் செய்யும் ஸ்குவாட்டுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தா. தவிர, நான்கு நிமிடத்தில் உயர்ந்த மூச்சுத்திறன் 35ஆவது கிலோமீட்டரில் கால்கள் தாங்குமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

இந்தப் பின்னணியில் வந்தவைதான் பி90எக்ஸ், இன்சானிட்டி. இரண்டையும் விற்றது 1998இல் தொடங்கிய அமெரிக்காவின் பீச்பாடி நிறுவனம். டோனி ஹார்ட்டன் நடத்திய பி90எக்ஸ் 2005 வாக்கில் வெளியானது: 90 நாள், 12 டிவிடி, டம்பெல்லும் புல்அப் கம்பியும் வேண்டும். ஷான் டி நடத்திய இன்சானிட்டி 2009இல் வந்தது: 60 நாள், வாரம் ஆறு நாள், கருவி எதுவும் வேண்டாம். வழக்கமான இடைவெளிப் பயிற்சியில் கொஞ்ச நேரம் வேகம், நிறைய ஓய்வு. இதில் மூன்று நிமிடம் முழு வேகம், அரை நிமிடம் ஓய்வு. பர்ப்பி, குதித்துக் குந்துதல், முழங்காலை நெஞ்சுவரை உயர்த்தும் பாய்ச்சல் என்று அசைவுகள் பெரும்பாலும் தாவல்களே. முதல் மாதம் நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். இரண்டாம் மாதம் ஒரு மணி நேரத்தைத் தொடும். நள்ளிரவுத் தொலைக்காட்சி விளம்பரங்களில் ‘முன்பு, பின்பு’ படங்களோடு விற்பனையான இவை சாண்டோ காலத்து வியாபாரத்தின் நேர்ச் சந்ததி.

இதே ஆண்டுகளில் மாரத்தானும் பெருகியது. ஹால் ஹிக்டன் போன்றவர்கள் வகுத்த 18 வாரத் திட்டங்கள் இணையத்தில் கையோடு கிடைத்தன. ஒரே வீட்டில் டிவிடியும் ஓட்ட அட்டவணையும் சேர்ந்தபோது இரண்டையும் முட்டாமல் பொருத்துவது எப்படி என்ற சிக்கல் லட்சக்கணக்கானவர்களுக்கு வந்தது. மூன்று வழிகள் நடைமுறைக்கு வந்தன. காலையில் ஓட்டம், மாலையில் டிவிடி என்று இரண்டையும் முழுதாகச் செய்வது ஒன்று. டிவிடியின் கடுமையான நாட்களை வேக ஓட்டத்துக்குப் பதிலாக வைத்து, லாங் ரன்னை மட்டும் சாலையில் ஓடுவது மற்றொன்று. 60 நாள் திட்டத்தை முதலில் முடித்து, ஒரு வாரம் ஓய்வு எடுத்து, அதன்பின் 18 வாரத் திட்டத்தைத் தொடங்குவது மூன்றாவது.

முதல் வழி ஹிக்சனின் மூன்றாம் குழுவின் வழி, அதிலும் மோசமானது. ஹிக்சனின் ஆட்கள் எடை தூக்கினார்கள், குதிக்கவில்லை. மாரத்தான் பயிற்சியிலேயே முழங்காலும் கணுக்காலும் கெண்டைக்கால் எலும்பும் ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்குகின்றன. அதே மூட்டுகளின் மேல் மாலையில் நூற்றுக்கணக்கான தாவல்களை ஏற்றுவது இரவில் மட்டும் நடக்கும் பழுதுபார்ப்பு வேலைக்கு நேரம் தராமல் இயந்திரத்தை இரண்டு ஷிஃப்ட் ஓட்டுவதுபோல. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் பிடிக்கும். டிவிடி முடித்தவர் மூச்சு வாங்காமல் ஓடுவதைப் பார்த்துத் தூரத்தை அவசரமாகக் கூட்டி, கெண்டைக்கால் எலும்பு வலியில் நிற்பது இதனால்தான். இரண்டாம் வழி பாவோலைனென் காட்டிய வழிக்கு நெருக்கமானது, ஆனால் அளவில் தவறுகிறது: வாரம் ஆறு நாள் உச்சம் என்பது மூன்றில் ஒரு பங்கு அல்ல. மூன்றாம் வழி சலிப்பூட்டுவது, விளம்பரத்துக்கு உதவாதது, இருந்தும் மூன்றில் அதுவே சரியானது.

ஓட்டத்தைக் குறைக்க விரும்பியவர்களுக்குச் சற்றே ஒழுங்கான பதிலைத் தந்தது தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகம். 2007இல் நூலாக வந்த அவர்களின் திட்டத்தில் வாரத்துக்கு மூன்றே ஓட்டம்: ஒன்று வேகம், ஒன்று மிதமான கடுமை, ஒன்று நீளம். மற்ற இரண்டு நாள் சைக்கிள், நீச்சல், துடுப்பு இயந்திரம் போன்ற மாற்றுப் பயிற்சி. குதிப்பு எதுவும் இல்லை என்பது தற்செயல் அல்ல. தரையில் மோதாத பயிற்சியை மட்டும் தேர்ந்ததால்தான் மூன்று ஓட்டங்களையும் கடுமையாக வைக்க முடிந்தது.

2020இல் கொரோனா ஊரடங்கு இரண்டு மரபுகளையும் ஒரே அறைக்குள் தள்ளியது. 1897 முதல் தொடர்ந்த பாஸ்டன் மாரத்தான் வரலாற்றில் முதல்முறையாக ரத்தானது. பிரான்ஸில் ஒருவர் தன் வீட்டின் ஏழு மீட்டர் பால்கனியில் முன்னும் பின்னுமாக 42 கி.மீ. ஓடி முடித்தார். நம் ஊர்களில் மொட்டை மாடியில் எட்டு வடிவில் சுற்றியவர்கள், கூடத்தில் பிளாங்க் போட்டவர்கள், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து பர்ப்பி செய்தவர்கள் ஏராளம். ஊரடங்கு முடிந்து சாலைக்குத் திரும்பியபோது வயிற்றுத் தசையும் இடுப்பும் உறுதியாகியிருப்பதைப் பலர் உணர்ந்தார்கள். 25 கிலோமீட்டருக்குமேல் கால் கனப்பதையும் உணர்ந்தார்கள்.

உச்சத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. கென்யாவின் கப்டகாட் முகாமில் பாட்ரிக் சாங்கின் வழிகாட்டலில் பயிற்சி பெற்று, 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடிய எலியுட் கிப்சோகே வாரத்துக்கு 200 கி.மீ.க்கும் மேல் ஓடியவர். இடுப்புக்கும் தொடைக்கும் வலுவூட்டும் தரைப் பயிற்சியை அவரும் குழுவினரும் வாரத்துக்கு இரண்டு முறை பாய் விரித்து, ரப்பர் பட்டை மாட்டிச் செய்தார்கள். வேகம் நிதானம், மூச்சு வாங்கவில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவருக்கு இந்த நூற்றாண்டு கால அனுபவம் தரும் கணக்கு எளிது. கடும் வீட்டுத் திட்டம் எதுவானாலும் 18 வாரம் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். ஓட்டம் தொடங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், குதிப்பில்லாத தண்டால், பஸ்கி, பிளாங்க் போதும்; அதையும் லாங் ரன்னுக்கு முந்தைய நாள் வைக்கக் கூடாது. ஓட்டநாளுக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஓட்டத்தோடு சேர்த்து இதையும் படிப்படியாகக் குறைத்து, கடைசி வாரத்தில் நிறுத்திவிடலாம்.